ஆறுகள் ஈன்ற தீவுகள்

தீவு என்றதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது எது? நாற்புறமும் நீலக் கடல், கரையில் தென்னை மரங்கள், ஒரு படகுத்துறை. இராமேசுவரமும் நெடுந்தீவும் அப்படிப்பட்டவைதாம். ஆனால், கடலையே பார்க்காமல் தீவில் பிறந்து, தீவில் படித்து, தீவில் உழுது வாழும் இலட்சக்கணக்கான மக்கள் நம் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். தாங்கள் தீவுவாசிகள் என்பது அவர்களில் பலருக்கு நினைவில் கூட இராது.

தஞ்சாவூருக்கு வடமேற்கே, கல்லணையிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறிய பேரூர் திருக்காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே காவிரி. காவிரிக்கும் வடக்கே கொள்ளிடம். தெற்கே வெண்ணாறு. காவிரியும் வெண்ணாறும் கல்லணையில் பிரிகின்றன. பிரிந்தவை மீண்டும் கூடுவதில்லை. தனித்தனியே கிளை பிரிந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்கின்றன. அவ்வாறாயின் இடைப்பட்ட நிலம் என்ன? மேற்கே கூர்முனையும் கிழக்கே கடலும் கொண்ட ஒரு நீண்ட தீவு. பூதலூர் ரயில் நிலையத்தில் இறங்கி இவ்வூருக்கு வருபவர் வெண்ணாற்றைக் கடந்தே வரவேண்டும். வடக்கே அரியலூர்ச் சீமைக்குப் போக நினைப்பவர் காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டவேண்டும். பாலங்கள் இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். தீவு என்ற சொல் மிகையாகத் தோன்றாது.

இத்தீவையும் இரண்டாகப் பிளக்கிறது ஓர் ஆறு. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியின் வலப்புறத்திலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையே இன்னொரு தீவு தொடங்குகிறது.

பெயரிலேயே இருக்கும் பூகோளம்

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆற்றின் நடுவே அமைந்த நிலத்துக்கு அவர்கள் பல பெயர்கள் வைத்தனர். ஆற்றிடைக்குறை என்பது ஒன்று. அரங்கம் என்பது மற்றொன்று. காவிரியும் கொள்ளிடமும் முக்கொம்பில் பிரிந்து கல்லணை அருகே நெருங்கி வரும் இடைவெளியில் அமைந்த தீவே திருவரங்கம். மூன்றாவது பெயர் துருத்தி. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கண்டியூர் செல்லும் வழியில் காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவே ஓர் ஊர் உண்டு. அதன் பெயர் திருப்பூந்துருத்தி. அதே திசையில் நடுக்காவேரி என்றும் ஓர் ஊர் உண்டு, தமிழறிஞர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1884-இல் பிறந்த ஊர் அது. பூகோளப் புத்தகம் கையில் இல்லாவிட்டாலும், ஊர்ப் பெயர்களைக் கொண்டே ஆற்றின் படத்தை ஓரளவு வரைந்துவிடலாம்.

ஆறு ஏன் கிளை பிரிகிறது?

மலைப் பகுதியில் ஆறுகள் ஒன்றோடு ஒன்று சேர்கின்றன. காவிரியோடு ஏமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி ஆகியவை வந்து கலக்கின்றன. ஆனால், திருச்சிராப்பள்ளியைத் தாண்டியதும் கதை தலைகீழாகிறது. சேர்ந்துவந்த ஆறு இப்போது பிரியத் தொடங்குகிறது. காரணம் என்ன?

காரணம் நிலத்தின் சரிவு. கல்லணையிலிருந்து கடல் வரையுள்ள தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்திலும் நிலம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை மீட்டர் அளவே தாழ்கிறது. சரிவு குறைந்தால் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நீர் சுமந்துவரும் பொருள்கள் கீழே படியும்.

இங்கே ஒரு வியப்பான கணக்கு உண்டு. ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை, நீரின் வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்பது ஆறுகளைப் பற்றிய பழைய விதிகளில் ஒன்று. அதாவது வேகம் இரு மடங்கானால், உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். வேகம் பாதியாகக் குறைந்தால், 64-இல் ஒரு பங்கு எடையுள்ள கல்லைத்தான் உருட்ட முடியும். குடத்தையும் உருட்டிக்கொண்டு ஓடும் வேகமுடையது என்று குடமுருட்டியின் பெயருக்குப் பொருள் சொல்வர். வெள்ளக் காலத்தில் வேகம் சற்றே கூடினாலும் ஆற்றின் வலிமை எத்தனை மடங்கு பெருகும் என்பதை இவ்விதி காட்டுகிறது. வேகம் சற்றே தணிந்தாலும் மணலும் வண்டலும் எப்படி உடனே படிந்துவிடுகின்றன என்பதற்கும் இதுவே விளக்கம்.

படிந்த மணல் ஆற்றின் தரையை மேடாக்குகிறது. மேடான ஆற்றில் தண்ணீர் கொள்ளாது. அடுத்த வெள்ளத்தில் கரையின் வலுவற்ற இடத்தை உடைத்துக்கொண்டு, அருகிலுள்ள பள்ளத்தில் புதுவழி காண்கிறது. அதுவும் மேடாகிறது, மீண்டும் ஒரு பிரிவு. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்ததன் விளைவே விசிறிபோல் விரிந்த காவிரிக் கழிமுகம்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டில் மெல்லிய மணலைப் பரப்புங்கள். தட்டின் ஒரு முனையை ஒரு புத்தகத்தின் கனத்துக்கு உயர்த்துங்கள். மேல்முனையில் மணல் கலந்த நீரைச் சிறுகச் சிறுக விடாமல் ஊற்றுங்கள். முதலில் ஒரே ஓடை தோன்றும். சிறிது நேரத்தில் அது தன் மணலாலேயே அடைபட்டு இரண்டாகப் பிரியும், பிறகு நான்காகும். ஓடைகளின் நடுவே மேடாக நிற்கும் மணல் திட்டுகளே துருத்திகள்.

மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல்

ஆற்றங்கரைக்குப் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நிலத்தில் ஆற்றை ஒட்டிய பகுதியே உயரமானது. ஆற்றைவிட்டு விலக விலக நிலம் தாழ்கிறது. பள்ளத்தில் ஓடவேண்டிய ஆறு மேட்டின் மேல் ஓடுவானேன்?

வெள்ளம் கரைபுரளும்போது கனமான மணல் கரையோரத்திலேயே தங்கிவிடுகிறது. நுண்ணிய களிமண் தொலைவு வரை மிதந்து சென்று மெல்லப் படிகிறது. இதனால் கரையோரம் உயர்ந்த, நீர் வடியும் மணற்பாங்கான நிலமாகவும், தீவின் நடுப்பகுதி தாழ்ந்த, நீர் தேங்கும் களிமண் நிலமாகவும் அமைந்துவிடுகின்றன. கரையோரப் படுகையில் வாழையும் வெற்றிலையும் செழிக்கின்றன. அவற்றின் வேர்களுக்கு நீர் வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. நடுப்பள்ளத்தில் நெல் விளைகிறது. அது தேங்கிய நீரில் நிற்கும் பயிர். மக்கள் வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டில் குடியேறினர். ஆகவே ஆற்றை ஒட்டியே ஊர்களும் சாலைகளும் கோயில்களும் கோத்த மணிகள்போல் வரிசையாக அமைந்தன. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு நோக்கிப் பேருந்தில் செல்லுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருபுறம் ஆறும் வாழையும், மறுபுறம் வயலும் மாறிமாறி வருவது இதனால்தான்.

மேட்டில் ஓடும் ஆறு உழவனுக்கு ஒரு வசதியையும் செய்து தருகிறது. கரையில் ஒரு மதகு வைத்தால் போதும். தண்ணீர் தானாகவே வயலுக்கு இறங்கும். ஏற்றம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். அதே மேடுதான் ஆபத்தும் ஆகிறது. கரை உடைந்தால் தண்ணீரும் தானாகவே ஊருக்குள் இறங்கும். 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்த காவிரிப் பெருவெள்ளம் திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் இதைக் கொடூரமாகக் காட்டியது.

ஓர் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர்?

தீவில் வாழ்பவருக்கு முதற்பாடம் அளவு. கையிருப்பு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு தெரியாமல் தீவில் வாழ முடியாது. நாமும் ஒரு கணக்குப் போடுவோம்.

ஆற்று நீரை விநாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 24.5 இலட்சம் லிட்டர். இதை ஓர் ஏக்கரில் நிறுத்தினால் 60 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஒரு போக நெல்லுக்கு மழையும் பாசனமும் சேர்த்து மொத்தம் 120 சென்டிமீட்டர் நீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் ஏக்கருக்கு சுமார் 48.5 இலட்சம் லிட்டர் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், இது ஏறக்குறைய நூறு பேர் ஓராண்டு முழுதும் புழங்கும் தண்ணீர்!

1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். வழக்கப்படி ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறக்கப்படும். மூன்று நான்கு நாட்களில் நீர் கல்லணைக்கு வந்து சேரும். ஆனால் இயற்கை நாள்காட்டி பார்ப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. குறுவை நாற்று விடுபவருக்கு இந்த இரண்டு மாத வேறுபாடு, விளைச்சலுக்கும் தரிசுக்கும் உள்ள வேறுபாடாகிவிடும். நதிநீர்ப் பங்கீட்டு வழக்கில் 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது.

இவ்வளவு பெரிய எண்கள் கடைசியில் எங்கே வந்து முடிகின்றன? ஒரு சிறிய வாய்க்காலின் மடையில். தலைமடைக்காரர் அடைக்காவிட்டால் கடைமடைக்காரருக்கு நீர் இல்லை. இந்த ஓர் உண்மையிலிருந்துதான் ஆற்றுத் தீவின் ஊர் வாழ்க்கை முளைத்தது.

குடிமராமத்து

ஆறு கொண்டுவரும் வண்டல் வயலுக்கு உரம்; வாய்க்காலுக்கோ நோய். ஒவ்வோர் ஆண்டும் வாய்க்கால் சிறிது தூர்ந்துபோகும். தூர் வாராமல் விட்டால் சில ஆண்டுகளில் கடைமடை வறண்டுவிடும். கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும் நாட்களில், புதுநீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்காலை வெட்டிச் சரிசெய்வர். நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆளோ கூலியோ தருவது முறை. இதுவே குடிமராமத்து.

1858-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்துக்கு இதற்கென ஒரு சட்டம் செய்யப்பட்டது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்யத் தவறியவரிடம் செலவை வசூலிக்கவும் அது வழிசெய்தது. சட்டம் வந்தது என்றால் வழக்கம் தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். தானாக நடக்கும் வேலைக்குச் சட்டம் எதற்கு? 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புகளின் நிர்வாகத்தில் உழவர்களைப் பங்குகொள்ளச் செய்யும் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

பழைய ஏற்பாட்டை முழுக்க முழுக்கப் புகழ்ந்துவிடவும் கூடாது. நிலம் சிலர் கையில் இருந்தது. மண்வெட்டி வேறு சிலர் கையில் இருந்தது. சேற்றில் இறங்கி வெட்டியவர்களில் பலருக்கு அந்த வாய்க்கால் பாயும் நிலத்தில் ஒரு குழிகூடச் சொந்தம் இல்லை. பொதுவேலை என்பதற்கும் எல்லாரும் சமம் என்பதற்கும் உள்ள இடைவெளியை மறைத்துவிட்டு எழுதினால் அது விஞ்ஞானமும் ஆகாது, வரலாறும் ஆகாது.

ஸ்காட்லாந்தில் ஒரு சிறு தீவு

இப்போது சற்று நெடுந்தொலைவு போய்வருவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்ற சிறு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். மக்கள் நூறு பேர் அளவில்தான். அத்தீவு நெடுங்காலம் தனியார் ஒருவர் மாறி ஒருவருக்குச் சொந்தமாக இருந்து வந்தது. குடியிருந்தவர்கள் வெறும் குத்தகைக்காரர்கள். 1997-இல் தீவு மக்களும், ஹைலண்ட் பகுதி ஆட்சி மன்றமும், ஸ்காட்லாந்து வனவுயிர் அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, நன்கொடை திரட்டித் தீவையே விலைக்கு வாங்கினர்!

அடுத்து மின்சாரம். பெருநிலத்திலிருந்து அங்கே மின்கம்பி கிடையாது. வீட்டுக்கு வீடு டீசல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் அவர்கள் தங்களுக்கென ஒரு மின் அமைப்பைத் தொடங்கினர். ஓடை நீர், காற்று, சூரிய ஒளி ஆகிய மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்து மின்கலங்களில் சேமிக்கிறார்கள். கிடைப்பது அளவானது. ஆகவே ஒரு விதி செய்தனர்: ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது, தொழில் நிலையங்களுக்கு 10 கிலோவாட். பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடு இல்லை. மீறினால் அவ்வீட்டின் மின்சாரம் நின்றுவிடும்.

இது நமக்குப் புதியதா? இல்லவே இல்லை. நீர் குறைந்த ஆண்டில் வாய்க்காலுக்கு வாய்க்கால் நாள் குறித்து நீர்விடும் நம் முறைப்பாசனம்தான் அது. அங்கே கிலோவாட், இங்கே கன அடி. இருப்பு அளவானது என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும்போது, மனிதர்கள் உட்கார்ந்து பேசி ஒரு விதிக்கு வருகிறார்கள். தெரியாமல் போகும்போதுதான் சண்டை வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஏரி

நம் ஆற்றுத் தீவுகளில் இருப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கழிமுகத்தின் அடியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. மணல் அடுக்குகளில் நீர் நிறைந்திருக்கிறது. ஆற்றில் நீர் ஓடும்போது மணல் வழியே அந்நீர் கசிந்து உள்ளே சேர்கிறது. கரையோரக் கிணறுகளில் ஆற்றோடு சேர்ந்து நீர்மட்டம் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். பம்புசெட்டும் ஆழ்குழாய்க் கிணறும் வந்தபின், காவிரி வராத ஆண்டுகளிலும் பயிர் காப்பாற்றப்பட்டது. இது பெரும் நன்மைதான். ஆனால் கூடவே ஒரு மாறுதலும் வந்தது. வாய்க்கால் நீரை மட்டும் நம்பியிருந்தவர் தூர் வார வந்தே ஆக வேண்டும். சொந்தக் குழாய்க் கிணறு உள்ளவர் வராவிட்டாலும் அவர் வயல் காயாது. இவ்வாறு வாய்க்காலைப் பற்றிய கவலை, கிணறு வைக்க வசதியில்லாத சிறு உழவர் தலையில் மட்டும் இறங்கியது.

ஆனால் சொந்தக் கிணறு என்பதே ஒரு மயக்கம். குழாய் சொந்தமாக இருக்கலாம், நீர் சொந்தமில்லை. எல்லாக் குழாய்களும் ஒரே மணல் அடுக்கில் இறங்கியிருக்கின்றன. ஒரே இளநீரில் பத்துப் பேர் குழல் வைத்து உறிஞ்சுவது போன்றது இது.

இதன் விளைவு கடலோரத்தில் இன்னும் கடுமையாகும். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. நிலத்தடியில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அதன் அழுத்தம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி நிறுத்தும். இதைத் திருப்பிப் படியுங்கள். நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், உப்புநீர் 40 மீட்டர் மேலே ஏற வழி பிறக்கும். கழிமுகத்தின் தலைப்பில் ஆறு ஓடுவதும், கடைக்கோடியில் குடிநீர் உப்பாகாமல் இருப்பதும் ஒரே சங்கிலியின் இரு முனைகள்.

மணலும் அப்படித்தான். ஆற்று மணல் நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. அதை அளவுக்கு மீறி அள்ளினால் ஆற்றின் தரை தாழ்கிறது. தரை தாழ்ந்தால், ஓடும் நீர் வாய்க்கால் மதகின் வாசலுக்கு எட்டுவதில்லை. ஆற்றில் தண்ணீர் போகும்; வாய்க்காலில் வராது. பாலத் தூண்களும் கட்டுமானங்களும் கூட அடிமணல் போனால் வலுவிழக்கும். 1830-களில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பழைய கட்டுமானங்கள் என்றும் நிற்கும் என்று நாம் இருந்துவிட முடியாது என்பதற்கு அது எச்சரிக்கை.

ஊர் என்பது என்ன?

திருக்காட்டுப்பள்ளியின் பிரதான பள்ளிக்கு சர் சிவசாமி அய்யரின் பெயர் இருக்கிறது. 1864-இல் அருகிலுள்ள பழமார்நேரியில் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராகி, 1946-இல் மறைந்தவர் அவர். சென்னைக்குப் போனபின்னும் பிறந்த பகுதியின் பிள்ளைகளை நினைத்துப் பள்ளிக்கு உதவினார். சுற்றுப்புறக் கிராமங்களின் பிள்ளைகள் ஆற்றுப் பாலங்களைக் கடந்து இங்கே படிக்க வந்தார்கள். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளி, ஒரு கோயில், ஒரு பேருந்து நிலையம்: சுற்றியுள்ள கிராமங்களை ஒன்று சேர்ப்பவை இவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னரே அவர்களை ஒன்று சேர்த்தது ஒரு மதகு.

ஆடி பதினெட்டாம் நாள் படித்துறையில் கூடும் கூட்டத்தைப் பாருங்கள். புதுநீரைக் கும்பிட வந்தவர்களில் தலைமடைக்காரரும் இருப்பார், கடைமடைக்காரரும் இருப்பார். ஒரு விழா நாளில் அருகருகே நிற்க முடிகிறவர்கள், ஒரு கோடை நாளில் அருகருகே நின்று வாய்க்காலையும் பார்க்க முடியும்.

நீங்கள் கழிமுகத்து மாணவராயின், உங்கள் வகுப்பில் ஒரு சிறு வேலை செய்யலாம். உங்கள் ஊர் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, அதன் கடைமடை எந்த வயல் என்று நடந்தே கண்டுபிடியுங்கள். வழியில் எங்கெங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு கட்டி அளந்து எழுதி வையுங்கள். செலவில்லாத இந்தக் கணக்கு, கண்ணுக்குத் தெரியாத ஏரியைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும். எழுதியதை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். வண்டலைக் கொட்டித் தீவை உண்டாக்கியது ஆறு. அந்தத் தீவில் எல்லாருக்கும் நீர் எட்டுமாறு செய்வது நம் வேலை.